82 குதிரையில் 75 தூங்குது... தெரியுமா?

நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை விடுங்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், டிக்கியில் புளியோதரைத் தூக்கு. நிதானமாக 60 கி.மீ. வேகம். பானெட்டுக்குள் எத்தனை குதிரை ஓடுகிறது, எத்தனை குதிரை குறட்டை விடுகிறது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

குடும்பத்துக்கு ஒரு செடான் வாங்கலாம் என்று பேச்செடுத்தாலே வீட்டில் மூன்று கட்சி! மகளுக்கு எச்பி வேண்டும். அப்பாவுக்கு மைலேஜ் வேண்டும். தாத்தாவுக்கு நடுரோட்டில் நின்று மானத்தை வாங்காத வண்டி வேண்டும். எந்தக் கட்சி ஜெயிக்கும்? கீழே உள்ள கணக்குகளைப் பாருங்கள், நீங்களே சொல்வீர்கள்!

ஒரு குதிரைத்திறன் என்றால் எவ்வளவு தெரியுமா?

75 கிலோ நெல் மூட்டை ஒன்றை, ஒரே வினாடியில், ஒரு மீட்டர் உயரம் தூக்க வேண்டும். அடுத்த வினாடி இன்னொரு மீட்டர். அதற்கடுத்த வினாடி இன்னொன்று! நிறுத்தாமல் இப்படித் தூக்கிக்கொண்டே இருந்தால் அதுதான் 1 எச்பி. மின்சாரக் கணக்கில் சொன்னால் 735 வாட்டுக்குச் சற்று மேல். நம் வீட்டு மிக்சி பலவும் இந்த அளவை எட்டிப் பிடிக்கிறது!

உண்மைக் குதிரைக்கு எத்தனை குதிரைத்திறன்?

ஒன்றுதானே என்கிறீர்களா? தப்பு! நாலுகால் பாய்ச்சலில் உச்சக்கட்டத்தில் ஒரு குதிரை ஏறத்தாழ 15 எச்பி வரை காட்ட முடியும் என்று 1993இல் 'நேச்சர்' இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நாள் முழுக்க நிதானமாக உழைத்தால்தான் அது ஒரு குதிரைத்திறன். அதாவது குதிரைக்கே பிக்கப் வேறு, மைலேஜ் வேறு!

உலகின் முதல் காருக்கு ஒரு குதிரைகூட இல்லை!

நம்ப முடிகிறதா? 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியின் சக்தி முக்கால் குதிரை அளவுதான். வயலில் ஓடும் 5 எச்பி மோட்டாரைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் மனிதர் மயங்கி விழுந்திருப்பார்!

உங்கள் காருக்குள் எத்தனை பம்ப்செட்?

டெல்டாக்காரர்களுக்கு எச்பி என்றாலே போர்வெல் மோட்டார்தானே? சரி, அந்தக் கணக்கிலேயே போவோம். இப்போதைய மாருதி டிசையர் 82 எச்பி. அப்படியென்றால் 5 எச்பி மோட்டார் 16! ஹூண்டாய் வெர்னாவின் டர்போ மாடல் 160 எச்பி. அதாவது 32 மோட்டார்! ஒரு கிராமத்துக்கே தண்ணீர் இறைக்கிற சக்தியை வைத்துக்கொண்டு கீரை வாங்கக் கடைத்தெருவுக்குப் போகிறோம்!

இப்போது அதிர்ச்சிக்குத் தயாரா?

சமதளச் சாலையில், ஏசி இல்லாமல், 60 கி.மீ. வேகத்தில் ஒரு சின்ன செடான் சீராக ஓட எவ்வளவு சக்தி வேண்டும் தெரியுமா? டயர் உராய்வு, காற்றின் எதிர்ப்பு, கியரில் போகும் இழப்பு எல்லாம் சேர்த்துத் தோராயமாக 7 எச்பி! ஒன்றரை பம்ப்செட் கூட இல்லை! மிச்சம் 75 குதிரை? கொட்டிலில் படுத்துத் தூங்குகிறது!

வேகம் ஏறினால் என்ன ஆகும்?

அங்கேதான் வினை! காற்றின் எதிர்ப்பை வெல்ல வேண்டிய சக்தி, வேகம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்காகும்! 60இல் 7 எச்பி கேட்ட அதே கார் 100இல் ஏறத்தாழ 18 எச்பி கேட்கும். வேளாங்கண்ணிக்கு நாலைந்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேரலாம். ஆனால் அந்த நாலைந்து நிமிடத்துக்கு விலை பெட்ரோல் பங்க்கில்தான்!

தஞ்சாவூர் நம் நாகையைவிட எத்தனை மீட்டர் உயரம்?

ஏறத்தாழ 50 மீட்டர்தான்! அதுவும் திருவாரூர் வழியாக 80 கி.மீ. தூரத்தில் சிறுகச் சிறுகச் சரிந்து வருகிற இறக்கம். கண்ணுக்கே தெரியாது. காவிரிக்கு மட்டும்தான் தெரியும்! அந்த 50 மீட்டர் உயரத்தைக் காரில் ஏற எவ்வளவு பெட்ரோல் கூடுதலாகும்? சுமார் 70 மில்லி. அரை டம்ளர் டிகிரி காபி அளவு!

கொல்லிமலைக்குப் போனால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஒவ்வொரு வளைவிலும் குதிரை கண் விழிக்கும். நமக்கு ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள இருப்பதெல்லாம் மேம்பாலமும் ஆற்றுப் பாலமும்தானே!

அப்படியானால் எச்பி வீணா?

அவசரப்படாதீர்கள்! முன்னால் வைக்கோல் லாரி, எதிரே பஸ் வருவதற்குள் தாண்ட வேண்டும். 60இலிருந்து 90க்கு 6 வினாடியில் போக எவ்வளவு சக்தி தெரியுமா? 50 எச்பிக்கு மேல்! அந்த 6 வினாடிக்குள் தூங்கிய குதிரையில் பாதிக்கு மேல் எழுந்து ஓடி வரும். அதற்காகத்தான் அவற்றுக்குத் தீனி போட்டு வளர்ப்பது! குடும்பத்தோடு போகிறவருக்கு எச்பி என்பது பந்தயத்துக்கு அல்ல, அந்த 6 வினாடிக்கு!

37 குதிரையில் கல்யாண வீடே போனது தெரியுமா?

அம்பாசடர் டீசல் காரின் சக்தி வெறும் 37 எச்பி! வண்டியின் எடையே ஒரு டன்னுக்கு மேல். அதற்குள் மாப்பிள்ளை, பெண், தோழி, சித்தப்பா, அவர் மடியில் ரெண்டு பிள்ளைகள், கூரையில் சீர்வரிசை. அத்தனையும் போய்ச் சேர்ந்தது! 1957இல் தொடங்கி 2014 வரை 57 ஆண்டுகள் உற்பத்தியில் இருந்த வண்டி இது. பிரீமியர் பத்மினி? 1,089 சிசி, 40 எச்பி! லாரியைத் தாண்ட மட்டும் நல்ல நேரம் பார்க்க வேண்டியிருந்தது!

மெட்ராஸில் பிறந்த யானை எது?

ஹெரால்டு கார்களைச் செய்த மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பிரமாண்ட காரை இறக்கியது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. அங்கே அதற்கு 8 சிலிண்டர், 3.5 லிட்டர் இன்ஜின் கூட உண்டு. இங்கே? பழைய தலைமுறை 2 லிட்டர் இன்ஜின்! விலை எக்கச்சக்கம், பெட்ரோல் குடியும் எக்கச்சக்கம், ஓட்டத்தில் மட்டும் சிக்கனம்! 1988இல் கதை முடிந்தது. எச்பியும் இல்லை, மைலேஜும் இல்லை என்றால் அழகு எத்தனை நாளைக்குச் சோறு போடும்?

யானைக்கு ஆட்டின் இதயம்!

1984இல் வந்த கான்டெசாவை நினைவிருக்கிறதா? பார்த்தால் அமெரிக்கப் படத்து வில்லன் கார் மாதிரி! ஆனால் முதலில் உள்ளே உட்கார்ந்திருந்தது அம்பாசடரின் 1.5 லிட்டர், 50 எச்பி இன்ஜின்தான்! இசுசு இன்ஜின் வந்த பிறகுதான் அதற்கு உயிரே வந்தது.

புது மாடலில் சக்தியைக் குறைப்பார்களா?

குறைத்தார்களே! ஹோண்டா சிட்டியின் முதல் தலைமுறை விடெக் மாடல் 106 எச்பி. இளைஞர்கள் பைத்தியமாக அலைந்தார்கள். 2003இல் அடுத்த தலைமுறை வந்தது. எச்பி எவ்வளவு? 77! பறந்துகொண்டிருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். ஆனால் குடும்பங்கள்? மைலேஜைப் பார்த்து வாங்கித் தள்ளின! அதில் இன்னொரு விசித்திரம்: 4 சிலிண்டருக்கு 8 ஸ்பார்க் பிளக்! ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பொறி. ஒரு சொட்டுப் பெட்ரோலும் எரியாமல் தப்பக் கூடாதாம்!

அதே கூத்து 2024இலும்!

டிசையர் பழைய மாடலில் 4 சிலிண்டர், 90 எச்பி. 2024 நவம்பரில் வந்த புதியதில் 3 சிலிண்டர், 82 எச்பி. ஒரு சிலிண்டரும் போச்சு, 8 குதிரையும் போச்சு! பதிலுக்கு என்ன கிடைத்தது? சோதனைக்கூடக் கணக்கில் லிட்டருக்கு 24.79 கி.மீ.! சிஎன்ஜி மாடல் என்றால் ஒரு கிலோவுக்கு 33.73 கி.மீ.!

160 குதிரை, ஆனால் தீனி குறைவு!

எச்பி ஏறினால் மைலேஜ் இறங்கும் என்றுதானே இவ்வளவு நாளும் நினைத்தோம்? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் வெர்னாவைப் பாருங்கள். 2023இல் வந்த மாடலில் டர்போ இல்லாத 115 எச்பி ஆட்டோமேட்டிக் 19.6 கி.மீ. தரும் என்றது கம்பெனி. 160 எச்பி டர்போ ஆட்டோமேட்டிக்? 20.6 கி.மீ.! 45 குதிரை கூடுதல், 1 கி.மீ.யும் கூடுதல்! எப்படி? டர்போ வேண்டும்போது மட்டும் ஊதும். வேண்டாதபோது சும்மா இருக்கும். ஆனால் அந்த 160ஐயும் தினம் எழுப்பி ஓட்டினால் மைலேஜ் எங்கே போகும் என்று சொல்ல வேண்டுமா?

பிரேக் பிடித்தால் பெட்ரோல் மிச்சம்!

ஹோண்டா சிட்டி ஹைபிரிட் 126 எச்பி. மைலேஜ்? சோதனையில் 27 கி.மீ.க்கு மேல்! சாதாரண 121 எச்பி சிட்டி 18 கி.மீ. பக்கம்தான். பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகும் சக்தியைப் பேட்டரியில் பிடித்து வைத்துத் திரும்பத் தருகிறது ஹைபிரிட். கடைத்தெருவில் மாடு, சைக்கிள், ஷேர் ஆட்டோ எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டே ஓட்டுகிற நமக்கு இது வரம் இல்லையா?

அந்த மைலேஜை எங்கே ஓட்டிப் பார்க்கிறார்கள்?

ரோட்டிலேயே இல்லை! சோதனைக்கூடத்தில், உருளைகள் மேல் சக்கரம் சுற்றுகிறது. கார் ஓர் அங்குலம்கூட நகராது! மொத்தச் சோதனையும் 20 நிமிடத்துக்குள். உச்ச வேகம் 90. ஏசி கிடையாது! கத்திரி வெயிலில் நாகூர் முதல் வேளாங்கண்ணி வரை ஏசி இல்லாமல் ஓட்டிப் பார்க்க யார் தயார்? உச்ச வெயிலில் ஏசி மட்டும் 3, 4 எச்பியை விழுங்கும். கார் ஓடுவதற்கே 7தான் என்றோமே, ஞாபகம் இருக்கிறதா?

மைலேஜ் கணக்கில் ஒரு மாயம்!

ஒருவர் 10 கி.மீ. தரும் காரை விற்று 12 தரும் காரை வாங்கினார். இன்னொருவர் 20 தரும் காரை விற்று 25 தரும் காரை வாங்கினார். யாருக்கு மிச்சம் அதிகம்? இரண்டாமவருக்கு என்றுதானே சொல்வீர்கள்? 1,000 கி.மீ.க்கு முதலாமவர் மிச்சம் பிடித்தது கிட்டத்தட்ட 17 லிட்டர். இரண்டாமவர்? 10 லிட்டர்தான்! ஏமாற்றுகிறதா கணக்கு? பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள்!

333 மூட்டை நெல்!

12 கி.மீ. தரும் கார், 20 கி.மீ. தரும் கார். இரண்டும் 1 லட்சம் கி.மீ. ஓடுகின்றன. வித்தியாசம் 3,333 லிட்டர்! லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 3 லட்சத்து 33 ஆயிரம் ரூபாய். 2025–26 பருவத்துக்குத் தமிழ்நாட்டில் சாதா ரக நெல் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500. அதாவது 40 கிலோ மூட்டை 1,000 ரூபாய். ஆக, வித்தியாசம் 333 மூட்டை நெல்! கொள்முதல் நிலைய வாசலில் அடுக்கி வைத்துப் பார்த்தால் தெரியும், மைலேஜின் கனம்!

டிக்கியை வெட்டியது யார்?

வரி! முதல் டிசையரின் நீளம் 4,160 மி.மீ. 4 மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்பதால் 2012இல் வந்த மாடலை 3,995 மி.மீ. ஆக்கினார்கள். முழுதாக 16.5 செ.மீ. போச்சு! 4 மீட்டருக்கு வெறும் 5 மி.மீ. குறைவு. இரண்டு நெல்மணியைப் பக்கவாட்டில் வைத்தால் சரியாகப் போகும்! 2025 செப்டம்பர் 22 முதல் இந்தச் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு, இன்ஜினும் 1,200 சிசிக்குள் இருந்தால், ஜிஎஸ்டி 18 சதவீதம். எல்லையைத் தாண்டினால் 40!

நம் வயலுக்கு அடியிலேயே கச்சா எண்ணெய்!

பெட்ரோல் என்றால் அரபு நாடு மட்டும்தானா? நாகை பக்கத்து நரிமணத்தில் நெல் வயல்களுக்கு நடுவே எண்ணெய்க் கிணறுகள்! அந்த எண்ணெயைச் சுத்திகரிக்கவே 1993இல் பனங்குடியில் ஆலை வந்தது. ஆண்டுக்கு 5 லட்சம் டன். பிறகு 10 லட்சம் டன் ஆனது. அதே இடத்தில் 90 லட்சம் டன் ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மேலே குறுவை, கீழே குரூடு!

கார் அரிசி தின்னுமா?

தின்னும்! இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். கரும்பு, மக்காச்சோளத்தோடு அரிசியிலிருந்தும் எடுக்கிறார்கள். 1 டன் அரிசிக்குச் சுமார் 450 லிட்டர். டிசையர் டேங்க் 37 லிட்டர். அதிலுள்ள எத்தனால் முழுக்க அரிசியில் எடுத்தது என்று வைத்தால், ஒரு டேங்க் ஃபுல்லுக்கு 16 கிலோ அரிசி! பல குடும்பங்களின் மாத ரேஷன் அரிசியையே எட்டுகிறதே! இன்னொன்று: ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் கொஞ்சம் இறங்குவது இதனால்தான்.

இன்ஜினைவிடப் பெரிய எதிரி யார்?

உப்புக்காற்று! 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய வேதாரண்யம் நம் மாவட்டம்தானே! அந்த உப்புதான் ஈரத்தோடு சேர்ந்து காரின் அடித்தகட்டில் உட்காருகிறது. உப்புத் தண்ணீரில் மின்னோட்டம் எளிதாகப் போகும். அதனால் துரு வேகமாக ஏறும். இரும்பு துருவானால் பல மடங்கு பருத்துவிடும். பெயிண்ட் கொப்பளிப்பது ஏன் என்று இப்போது தெரிகிறதா? எத்தனை எச்பி இருந்தாலும் கதவுக்கு அடியில் ஓட்டை விழுந்தால்? அடித்தகட்டை நல்ல தண்ணீரில் கழுவுவதுதான் கடற்கரை ஊரின் மலிவான வைத்தியம்!

160ம் 37ம் ஒன்றாகும் இடம் எது?

ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீர்! காற்றைப் பத்தில் ஒரு பங்காக அமுக்கும் பிஸ்டனால் தண்ணீரை அமுக்கவே முடியாது. ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே போனால் போதும், இரும்புத் தண்டே வளைந்துவிடும்! நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்கிறவர் தன் பணத்தைத் தானே கரைக்கிறார்!

30 கோடி முறை!

1 லட்சம் கி.மீ. ஓடிய இன்ஜின் எத்தனை முறை சுற்றியிருக்கும்? சராசரி 40 கி.மீ. வேகம், நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று போட்டால் 30 கோடி! நம் இதயம் இத்தனை முறை துடிக்க 8 ஆண்டுக்கு மேலாகும். நடுவில் காப்பாற்றுவது முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். 'ஆயில் அடுத்த மாதம் மாற்றலாம்' என்று இனி வாய் வருமா?

ஊரே ஓட்டிய ஒரே இன்ஜின்!

ஃபியட் உருவாக்கிய 1,248 சிசி டீசல் இன்ஜின். மாருதி டிசையரில் அதுதான், டாடா மான்சாவில் அதுதான், ஷெவர்லே செயிலில் அதுதான், ஃபியட் லீனியாவிலும் அதுதான்! 'இந்தியாவின் தேசிய இன்ஜின்' என்றே பட்டப்பெயர். டிசையரில் அதன் சக்தி 75 எச்பிதான். ஆனால் எந்த ஊர்ப் பட்டறையிலும் அதைக் கழற்றத் தெரிந்த கை இருந்தது, எந்தக் கடையிலும் பார்ட்ஸ் இருந்தது. நம்பகம் என்பது பானெட்டுக்குள் பாதி, பட்டறைக்குள் பாதி!

46 லட்சம் கி.மீ. ஓடிய செடான்!

கிரீஸ் நாட்டு டாக்சி ஒன்று. 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி. இன்ஜின்களை மாற்றி மாற்றிப் போட்டு அது ஓடிய தூரம் 46 லட்சம் கி.மீ.! நிலாவுக்குக் கிட்டத்தட்ட 6 முறை போய்த் திரும்பிய தூரம்! 2004இல் அது கம்பெனியின் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது. அந்த மாவீரனின் சக்தி எவ்வளவு இருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம். 200? 150? வெறும் 65 எச்பி!

சரி, யார் கட்சி ஜெயித்தது?

தினசரி ஓட 7 குதிரை போதும்: அப்பா கட்சிக்கு ஓட்டு! லாரியைத் தாண்ட 50 குதிரை வேண்டும்: மகள் கட்சிக்கும் ஓட்டு! ஆனால் உப்புக்கும் மழைக்கும் முன்னால் குதிரை எண்ணிக்கை செல்லாது: தாத்தா கட்சிதான் ஆட்சி!

சந்தேகமா? நம் ஊர் டிஎன் 51 மஞ்சள் போர்டு வண்டி நிற்கும் டாக்சி ஸ்டாண்டுக்குப் போய் 'அண்ணே, வண்டி எப்படி?' என்று கேட்டுப் பாருங்கள். முதலில் எச்பி சொல்கிறாரா, எத்தனை லட்சம் கி.மீ. ஓடியது என்று சொல்கிறாரா?

அடுத்த முறை வேளாங்கண்ணி ரோட்டில் 60இல் போகும்போது மட்டும்... உஷ்! ஹாரன் அடிக்காதீர்கள். உள்ளே 75 குதிரை தூங்குது!